ஒரு கிலோ கூடாரத்தில் இரண்டு பேர் எப்படிப் படுப்பது?
எடை ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் போதும், இரண்டு பேருக்கான கூடாரத்தில் வேறெதையும் பார்க்க வேண்டாம் என்று, முதுகில் சுமந்து செல்லும் கூடாரங்களைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த எடையைப் பெரும்பாலும் எங்கே குறைக்கிறார்கள் என்றால் தரை அகலத்தில்தான், அதுவும் கால்பக்கம்; தலைப்பக்கம் 130 செ.மீ. இருக்கிற கூடாரம் கால்பக்கம் 107 செ.மீ.க்குச் சுருங்கிவிடுவது சகஜம். 51 செ.மீ. அகல ஸ்லீப்பிங் பேட் (அடியில் விரிக்கும் மெத்தை) இரண்டு போட்டால் 102, சரி, எப்படியோ அடங்கும், ஆனால் 64 செ.மீ. அகல பேட் இரண்டு என்றால் 128 ஆகிறது, கீழே ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அப்புறம் இரவு முழுக்க இடத்துக்குச் சண்டைதான். மேலே கருத்திட்ட ஒரு நண்பர் ஒற்றைச் சுவர் கூடாரம், அதாவது உள்துணி தனியாக இல்லாமல் ஒரே அடுக்குத் துணியால் ஆனது, வாங்கச் சொல்கிறார். ஆனால் அதில் இரண்டு பேர் விடும் மூச்சுக்காற்று உள்பக்கத் துணியில் நீராகக் கோத்து நிற்கும், இவ்வளவு குறுகலில் ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து படுக்கும் பை) அதில் உரசாமல் இருக்காது. நானும் என் தம்பியும் அப்படி நனைந்த பையோடு எழுந்திருக்கிறோம். விளம்பரத்தில் வருகிற எடையிலும் பல நேரம் முளை, கயிறு, உறை சேராது, அதனால் மொத்த எடையைக் கேட்டு வாங்கி, கம்பிகளை ஒருவரும் துணியை ஒருவரும் சுமந்தால் அகலமான கூடாரத்துக்குக் கூடுதலாக வரும் ஒரு 300 கிராம்கூட ஆளுக்கு 150தான்.