பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் மீது வழக்கே போட முடியாதா?

"அமெரிக்காவில் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் தனியார் அமைப்புகள், மாநிலம் சட்டம் போட்டுவிட்டால் பெற்றோர் வழக்கே தொடர முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

பிரென்ட்வுட் அகாடமி என்ற பள்ளி தொடர்ந்த வழக்கில் டென்னசி மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமும் இதே 'தனியார்' வாதத்தைத்தான் வைத்தது. அதன் உறுப்பினர்களில் 84 சதவீதம் அரசுப் பள்ளிகள். எனவே அரசமைப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. (2007-இல் அதே வழக்கில் சங்கம் வென்றது, வழக்குத் தொடரும் உரிமை வேறு, வெற்றி வேறு.)

மாநிலச் சட்டம் மாநில அளவிலான கோரிக்கைகளுக்கு வரம்பு விதிக்கலாம். ஆனால் அரசமைப்பு உரிமை மீறலுக்கான கூட்டாட்சிச் சட்ட வழக்கை அதனால் தடுக்க முடியாது. பிரென்ட்வுட் அகாடமி வழக்கின் 2001 தீர்ப்பை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்: அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் (U.S. Reports) தொகுதி 531, பக்கம் 288.

அந்தத் தகவலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.