டீச்ட் என்று சொன்ன பிள்ளைக்கு இலக்கணம் தெரியும்

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். அந்த 24 விநாடி வீடியோ இன்று காலையும் என் கண்ணில் பட்டது. இந்த முறை ஷேர் பண்ணியிருப்பது என்னிடம் படித்தவன். கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி மூன்று வேறு போட்டிருக்கிறான். எந்த வீடியோ என்று கேட்காதீர்கள். பார்த்திருப்பீர்கள். சிரித்தும் இருப்பீர்கள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், இருக்கிற ஒரு பிள்ளை. மேடையில் நின்று இங்கிலீஷ் பேசும்போது, கை நடுங்க, ‘டீச்’சின் இறந்தகாலமான ‘டோட்’ என்பதற்குப் பதில் ‘டீச்ட்’ என்றாள். அந்தப் பிள்ளை செய்த கொலை அவ்வளவுதான்.

ரீச், ரீச்ட். ப்ரீச், ப்ரீச்ட். அப்போ டீச்? விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற யாரும் டீச்ட் என்ற இடத்தில்தான் போய் நிற்பார்கள். அவளும் அங்கேதான் நின்றாள். இலக்கணம் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பிழையே வராது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சின்ன வயதில் ‘கெட்ச்’சுக்கு ‘கோட்’ போடாமல் ‘கெட்ச்ட்’ என்றுதான் சொல்லும். 1958 இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத வினைச்சொற்களைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்து “நேற்று அவன் என்ன செய்தான்?” என்று கேட்டார். ‘க்ளிங்’ என்ற கற்பனைச் சொல்லைப் பெரும்பாலான பிள்ளைகள் ‘க்ளிங்ட்’ ஆக்கின. கேட்டே இராத சொல்லுக்கு இறந்தகாலம் எங்கிருந்து வந்தது? விதி மண்டையில் இருந்ததால் வந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று. அந்த ‘ரீச்’சுக்கே ஒரு காலத்தில் ‘ரோட்’ என்றுதான் இறந்தகாலம். டீச், டோட் மாதிரியே. பிறகு வெள்ளைக்காரர்களே ரீச்ட், ரீச்ட் என்று சொல்லிச் சொல்லி அதைச் சரியாக்கிவிட்டார்கள். ‘ஹெல்ப்ட்’ என்று இப்போது நாம் எழுதுவதும் அப்படி வந்ததுதான். 1611 இல் அச்சான ஆங்கில பைபிளில் ‘ஹோல்பென்’ என்று இருக்கும். அவர்கள் செய்தால் மொழி வளர்கிறது. லயத்துப் பிள்ளை செய்தால் வீடியோ.

இந்த ஒழுங்கில்லாத வினைகள் எப்படி உயிரோடு இருக்கின்றன? கோ, கம், சீ, டேக், கிவ் எல்லாம் நாள் முழுக்க வாயில் புழங்குகிற சொற்கள். கேட்டுக் கேட்டுத்தான் நிற்கும், விதியால் நிற்காது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் இங்கிலீஷ் பேசினால் ஐந்து வயதில் ‘டோட்’ தானாக வந்துவிடும். இவள் இங்கிலீஷ் கேட்பது ஒரு நாளைக்கு 40 நிமிஷம், அதுவும் டீச்சர் லீவு போடாவிட்டால். அப்போ நீங்கள் சிரிப்பது அவள் அறிவைப் பார்த்தா, அவள் வீட்டைப் பார்த்தா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சை பாஸாகி டவுன் ஸ்கூலுக்குப் போன முதல் வாரம். யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று மிஸ் கேட்டார். ‘ப்ரோட்’ என்பதற்குப் பதில் “மை மதர் ப்ரிங்ட் மீ” என்றேன். வகுப்பு முழுவதையும் அதைத் திருப்பிச் சொல்ல வைத்தார், மூன்று தரம். அன்றைக்கு அரைப்பேரை, அதாவது அரைநாள் கூலியை, விட்டுவிட்டு வந்த அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஏ.எல். (உயர்தரம்) முடியும் வரை என் பெயர் ப்ரிங்ட். என் கல்யாணத்தில்கூட ஒருத்தி அப்படிக் கூப்பிட்டாள். “ப்ரிங்டுன்னா என்ன பாப்பா?” என்று அம்மா ஒருநாள் கேட்டார். கெட்டிக்காரின்னு அர்த்தம் என்றேன். நம்பிவிட்டார்.

“அப்போ பிழையைத் திருத்தவே கூடாதா டீச்சர்?” திருத்துங்கள். என் வகுப்பில் டீச்ட் என்று எழுதினால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறேன், அதற்குத்தான் சம்பளம். வட்டம் போடுவதும் வீடியோ போடுவதும் ஒன்றா?

“நாளைக்குக் கொழும்பில் இன்டர்வியூவில் சிரிப்பார்களே?” சிரிப்பார்கள்தான். அதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் நீங்கள் இப்போதே சிரித்துப் பழக்குகிறீர்களாக்கும். பெரிய மனசு.

“சொல்லிக் கொடுக்காதது டீச்சர்மாரின் பிழை” என்றும் ஒருத்தர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு நாள் மழையில் மூன்று கிலோமீற்றர் ஏறி வந்து 42 பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கட்டும், பிறகு பேசலாம்.

டவுனில் பேங்கில் ஒரு சிங்கள மாத்தயா (ஐயா) இருக்கிறார். நல்ல மனுஷன். “நான் நேத்து வாந்தேன்” என்று தமிழ் பேசுவார். வா என்றால் வந்தேன், சா என்றால் செத்தேன் என்று நம் மொழியிலும் இந்தக் கூத்து உண்டே, அவர் என்ன செய்வார்? வரிசையில் நிற்கிற நம்ம ஆட்கள் பூரித்துப் போவார்கள். “எவ்வளவு அழகா தமிழ் பேசுறாரு!” ஒருத்தராவது வீடியோ எடுத்தீர்களா?

சிரிப்பதுகூடப் பரவாயில்லை. “தோட்டத்து இங்கிலீஷ் இப்பிடித்தான்” என்று ஒரு கமெண்ட். எழுதிய அண்ணனை எனக்குத் தெரியும். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தவர்கள். அண்ணே, மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதினாரே, அது எந்த ஊர் இங்கிலீஷ்? நீங்கள் இப்போது கொழும்பில் இருக்கிறீர்கள், லயம் மறந்திருக்கலாம். உங்கள் அம்மா போன கிழமையும் என்னிடம் உங்களைப் பற்றித்தான் கேட்டார்.

அந்தப் பிள்ளை யார் என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஷேர் பண்ணிய என் பழைய மாணவனே, இன்று இரவுக்குள் அழித்துவிடு. கீழே வந்து டீச்ட் என்று விளையாடுகிறவர்களை ப்ளாக் பண்ணுவேன். ப்ளாக், ப்ளாக்ட். ஒழுங்கான வினைதான், பயப்பட வேண்டாம்.