அம்மாவின் ஓணக்கோடி

பாலக்காட்டுப் பக்கம் மலம்புழை அணைப் பூங்காவில், ஒரு சிலைக்கு என் அம்மா சேலை வீசும் அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். சிலர் எனக்கே அனுப்பிவைத்தீர்கள். யாரென்று தெரியாமல் அனுப்பியவர்கள்மீது கோபமில்லை. தெரிந்தே பரப்பியவர்களையும், எடுத்துப் போட்ட என் அக்கா மகனையும்தான் கேட்கிறேன்: அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஓண விடுமுறைக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து குடும்பமாகப் போனோம். ஆசைப்பட்டவள் அம்மாதான். பாலக்காடு சென்னை மாநிலத்தோடு இருந்தபோது கட்டி, 1955இல் திறந்த அணை அது. அதற்கு மண் சுமந்தவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். அணையைப் பார்த்ததும் கண் கலங்கினாள். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

பிறகு பூங்காவுக்குள் போனோம். சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யட்சி சிலை அங்கே இருக்கிறது. 30 அடி உயரம், உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல் காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் தரையைப் பார்த்தார். அம்மா மட்டும் நேரே நடந்து போய், பக்கத்து வீட்டு டீச்சர் ஓணத்துக்குக் கொடுத்த புதுச்சேலையை, அந்த ஓணக்கோடியை, பையிலிருந்து எடுத்தாள். மடிப்பைக் கலைத்து மேலே வீசினாள். எட்டவில்லை. மறுபடியும் வீசினாள். கசவு என்கிற அந்த ஜரிகைக் கரை அவள் தலையிலேயே வந்து விழுந்தது. “சுற்றிக்கொள் பெண்ணே, இத்தனை பேர் பார்க்கிறார்கள்” என்று சத்தமாகச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. காவலர் வந்து சேலையை மடித்து அவள் கையில் கொடுத்தார். எங்களைப் பொறுத்தவரை விஷயம் அங்கே முடிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் அதற்குப் பாட்டுச் சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பியாயிற்று.

“விளையாட்டுக்குத்தானே மாமா” என்கிறான் அக்கா மகன். அவளிடம் கேட்டாயா? “அம்மாவே சிரித்தாளே, நீ ஏன் பெரிதாக்குகிறாய்?” என்று அக்கா சண்டைக்கு வருகிறாள். சிரித்தாள், உண்மைதான். எங்களோடு சிரித்தாள். முகம் தெரியாத ஆயிரம் பேரோடு சிரிக்கச் சம்மதித்தாளா? கலையை அவமதித்துவிட்டாள் என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். அந்தச் சிலை பெரிய கலைப்படைப்புதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா கல்லையும் எறியவில்லை, காறியும் துப்பவில்லை. தன் புதுச்சேலையைக் கொடுத்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மனநிலை தவறிய ஒரு பெண் மேலே துணியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அரிசிப் பையைக் கீழே வைத்தாள். எனக்கென்று அன்றைக்குத்தான் வாங்கிய போர்வையைப் பிரித்து அவளைச் சுற்றி, நுனியைக் கழுத்தில் முடிந்துவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். மலம்புழையில் நீட்டியதும் அதே கைதான். அதைத்தான் மெதுவாக ஓடவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால், “பாண்டிக்காரக் கிழவி” என்று வீடியோவுக்குக் கீழே எழுதியவருக்கு ஒன்று. அவள் பிறந்தது இந்த மண்ணில். நீங்கள் சுற்றிப் பார்க்கப் போகும் அணையில் அவள் அப்பன் சுமந்த மண் கிடக்கிறது. கிழவியாம்! எழுபத்தெட்டு வயதில் இன்றும் விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பவள் அவள்.

அம்மாவுக்கு இது எதுவும் இன்னும் தெரியாது. அந்தச் சேலை அலமாரியில் அப்படியே இருக்கிறது. நேற்று எடுத்து உடுத்தச் சொன்னேன். “அவளுக்கென்று கொடுத்தாகிவிட்டது, நான் எப்படி உடுத்துவது?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.