பூங்காவுக்கும் ஒரு மண்டகப்படி

காரைக்குடியில் பூங்கா கட்டுவதற்கு யாரும் தயங்குவதில்லை. இடம் கிடைத்தால் போதும், நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு, உடற்பயிற்சிக் கருவிகள் எல்லாம் வந்துவிடும். திறப்பு விழா அன்று கூட்டத்துக்கும் குறைவிருக்காது. அடுத்த சித்திரை வெயில் வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எங்கள் பகுதிப் பூங்காவையே சொல்கிறேன். கோடை நடுவில் போர்வெல் மோட்டாரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிட்டது. அதைச் சரிசெய்வது ஒரு பெரிய வேலையே இல்லை. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் விடுகிற ஒப்பந்தத் தொழிலாளி மேலே சொல்லிவிட்டதாகச் சொன்னார். நடக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். புங்கங்கன்றுகள் முதலில் இலை நுனியில் காய்ந்தன, பிறகு குச்சியாக நின்றன. ஊஞ்சல் பக்கத்தில் இருந்த ஒரு பூவரசு மட்டும் பிழைத்தது. எதிர்த்தெரு ஆச்சி ஒருவர் சாயங்காலமானால் வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதன் தூரில் ஊற்றுவார். வாளியை ஒரு தடவை கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவார். “ஏன் ஆச்சி, இவ்வளவு தூரம் தூக்கணுமா?” என்று கேட்டேன். “புள்ளைக ஆடுற எடமப்பு. நெழல் வேணாமா?” என்றார்.

அந்த ஆச்சியை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு பூங்கா ஓர் ஆச்சியின் கை பலத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். யார் பொறுப்பு, எந்த மாதம் யார் முறை என்று எழுதி வைத்த ஏற்பாடு வேண்டும்.

இது நமக்குப் புதிதில்லை. செட்டிநாடே அப்படி ஓர் ஏற்பாட்டில் பிழைத்த ஊர்தான். மழை குறைந்த செம்மண் பூமி. வடகிழக்குப் பருவமழையைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். செம்புராங்கல் சுவர், படித்துறை, மழைநீர் வந்து சேர வாய்க்கால். வெட்டியதோடு விடவில்லை. குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, காவல் இருந்தது. திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வாங்கி நகரத்தார் கோயில்களை நடத்திய பழக்கமும் இங்கே உண்டு.

அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பொது என்று சொன்ன நீர்நிலைகளிலேயே இறங்கக் கூடாது என்று சிலரைத் தள்ளி நிறுத்திய கொடுமையும் அதே காலத்தில்தான் நடந்தது. பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். யார் வரலாம், யார் வரக் கூடாது என்கிற பேச்சு பூங்கா கேட்டுக்கு அருகில்கூட வரக் கூடாது. வாடகைக்கு இருப்பவர், பூட்டிய பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம், கட்டட வேலைக்கு வந்து தங்கியிருப்பவர் எல்லோருக்கும் சம உரிமை உண்டு. பூங்காவில் அதிக நேரம் விளையாடுவதும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

இன்றைக்கும் நடக்கிற உதாரணம் வேண்டுமா? நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போய்ப் பாருங்கள். 1977-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் உட்பட! எந்த அதிகாரியும் தெருவில் நின்று கண்காணிக்க வேண்டியதில்லை. பறவை எங்கள் ஊர்ப் பறவை என்கிற எண்ணம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

நம் பக்கம் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி இடத்தில் பத்து சதவீதத்தைப் பூங்கா போன்ற பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதி. 10,000 சதுர மீட்டருக்குள் என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் இடத்தையே தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். ப்ளாட் வாங்கியவர்கள் வரைபடத்தை விரித்துப் பாருங்கள், பூங்கா என்று ஒரு கட்டம் இருக்கும். நேரில் போனால் பல இடங்களில் அந்தக் கட்டம் சீமைக்கருவேலங்காடாக நிற்கிறது, அல்லது பக்கத்து மனைக்காரரின் செங்கலும் ஜல்லியும் குவிந்து கிடக்கிறது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் முதலிய ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. ஊராட்சிக் காலத்தில் ஒதுக்கிய பூங்கா இடமெல்லாம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று குடியிருப்பவர்கள் இப்போதே கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அங்கே யாராவது வீடு கட்டியிருப்பார்கள்.

சரி, என்ன செய்யலாம்? கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படியை ஒவ்வொருவர் எடுத்துச் செய்கிறார்கள் இல்லையா, அதே மாதிரி பூங்காவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தெருவும் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். மண்டகப்படிக்காரர் பெயர் நோட்டீசில் இருக்கும், அன்றைக்கு விளக்கு எரியவில்லை என்றால் அவரைத்தான் கேட்பார்கள். பூங்கா வாசல் போர்டிலும் இந்த மாதம் எந்தத் தெரு, மோட்டார் ரூம் சாவி யாரிடம், மாநகராட்சியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும்.

அப்புறம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூங்காவைக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வேலை. அதை இலவசமாகச் செய்து ஒரு தொழிலாளியின் வேலைக்கு உலை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தோடு போட்டோ எடுத்துப் போடுவதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. திங்கட்கிழமை அங்கே குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கிறவர்தான் வேண்டும். குடியிருப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. தினமும் பார்க்கிற கண் நம்முடையது. எந்த மரம் வாடுகிறது, எந்த விளக்கு எரியவில்லை, எந்த ஊஞ்சல் சங்கிலியில் கொக்கி தேய்ந்துவிட்டது என்பது நமக்குத்தான் முதலில் தெரியும். மரத்தின் தூரை ஒட்டிப் பேவர் பிளாக் பதிக்கும்போது, “அண்ணே, தண்ணி இறங்க நாலு பக்கமும் எடம் விடுங்க” என்று சொல்ல அங்கே ஒருவர் நிற்க வேண்டும். கல் பதித்து மூச்சு முட்டிய வேம்புகளை இந்த ஊரில் நிறையப் பார்த்தாயிற்று.

பணத்துக்கும் வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தருகிறது. பூங்கா வேலையும் அதில் வரும். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மனமுவந்து கொடுக்கிறார்கள். பூங்காவுக்கும் கேளுங்கள், கொடுப்பார்கள். ஒரு வேண்டுகோளோடு கேளுங்கள்: பெயர்ப் பலகைக்கு அல்ல, வருடா வருடம் தண்ணீருக்கும் பழுதுக்கும்.

நகரங்களில் வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதித் தேவைகளைப் பேசுவதற்கான வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன, அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் பகுதி சபைகள் கூடின. நம் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் கொடுக்கும் மனுவில் கேட்கப்போவது மூன்றுதான்: வாசலில் பொறுப்புப் பலகை, மனைப்பிரிவுப் பூங்கா இடங்களின் பட்டியல், மோட்டாருக்கு மாற்று ஏற்பாடு. கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் தெருப் பெயரோடு கமெண்டில் சொல்லுங்கள். பெண்கள் அவசியம் வாருங்கள். விளக்கு எரியாத மூலை எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.