படிகாரம் மஞ்சக்காமாலை கிருமிய கொல்லாதுண்ணே

அண்ணே, மேல 'படிகாரம் தேச்சா மஞ்சக்காமாலை கிருமியே செத்துடும், சலூன்ல பிளேடு மாத்தச் சொல்ல வேணாம்'னு போட்டிருக்கீங்க, அது தப்பு. படிகாரம் தோல இறுக்கி சின்ன கீறல்ல வர்ற ரத்தத்த நிறுத்தும், அத நம்பி பிளேட மாத்தாம விடக்கூடாது. மஞ்சக்காமாலைய கொண்டுவர்ற, ரத்தம் வழியா பரவுற ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளிய குறைஞ்சது 7 நாளாவது தாக்குப்பிடிக்கும், ஒரே படிகாரக் கட்டிய பத்து பேரு மூஞ்சில தேய்ச்சா அதுவே வினைதான்.

காரைக்குடில எங்க தெரு சலூன்காரரு புது பிளேட பேப்பரோடயே ரெண்டா ஒடிச்சு, பாதிய நம்ம கண்ணு முன்னாடி கத்தில சொருகுவாரு, அத பாத்துட்டுத்தான் நான் தலையவே சாய்ப்பேன். காசுதான் பிரச்சனைன்னா எங்க ஐயா மாதிரி வளவு (வீட்டு உள்முற்றம்) தூண்ல கண்ணாடிய மாட்டிட்டு ரெட்டை முனை ரேசர்ல நீங்களே இழுங்க, பிளேடு சில ரூபாதான், நாலஞ்சு தடவ வரும், ஆனா உங்க ஒருத்தருக்கு மட்டும்.