சர்ச்சில் தனிமைப்பட்டது இந்தியாவால்

1940இல் சர்ச்சில் பிரிட்டன் பிரதமரான நாள் மே 10. ஒவ்வோர் ஆண்டும் அதையொட்டி ஒரு பதிவு சுற்றுக்கு வந்துவிடுகிறது. பத்தாண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்ட மனிதர், ஹிட்லரைப் பற்றிக் கத்திக் கத்தி எச்சரித்தார், யாரும் காது கொடுக்கவில்லை, கடைசியில் நாடே அவர் வீட்டு வாசலுக்கு வந்தது என்று போகும் கதை. வின்ஸ்டன் சர்ச்சிலைப் பற்றிய இந்தக் கதையை நம்மவர்களே நெகிழ்ந்து பகிர்வதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் இருப்பவர்கள் நாம். நம்மை நீக்கிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள்.

தேதிகளைப் பாருங்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 ஜனவரியில். சர்ச்சில் தன் கன்சர்வேட்டிவ் கட்சியின் நிழல் அமைச்சரவையிலிருந்து (எதிர்க்கட்சித் தலைவர்கள் குழு) விலகியது 1931 ஜனவரியில், அதாவது இரண்டு ஆண்டுகள் முன்னதாக. காரணம் இந்தியா. இந்தியாவுக்கு டொமினியன் அந்தஸ்து, அதாவது சாம்ராஜ்யத்துக்குள்ளேயே தன்னாட்சி, என்பதே இலக்கு என்று 1929இல் வைஸ்ராய் இர்வின் அறிவித்தார். கட்சித் தலைவர் பால்ட்வின் அதை ஆதரித்தார். சர்ச்சிலால் பொறுக்க முடியவில்லை. விலகிய அடுத்த மாதமே, இர்வினைச் சந்திக்கக் காந்தி டெல்லியில் வைஸ்ராய் மாளிகைப் படியேறியதைக் குறிப்பிட்டு, மிடில் டெம்பிள் வழக்கறிஞர் ஒருவர் பக்கிரி வேடமிட்டு அரை நிர்வாணமாக வருவது குமட்டுகிறது என்று பேசினார். இரண்டுமே லண்டனின் வழக்கறிஞர் கழகங்கள்தான், ஆனால் காந்தி படித்தது இன்னர் டெம்பிளில். வெறுப்பில் அந்தச் சின்ன விவரத்தைக்கூட அவர் சரிபார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, மாகாணங்களுக்குத் தன்னாட்சி தரும் இந்திய அரசுச் சட்டத்தைத் தடுப்பதுதான் அவருடைய முழுநேர வேலையாக இருந்தது. சொந்தக் கட்சி அமைச்சர் சாமுவேல் ஹோர் மீதே உரிமை மீறல் புகார் கொடுத்தார்; விசாரித்த குழு அதைத் தள்ளுபடி செய்தது. 1935இல் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்கீழ் நடந்த தேர்தலில் வென்றுதான் 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார் (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி). சர்ச்சிலின் கணக்கில் அது சாம்ராஜ்யத்தின் அழிவுக்கான முதல் படி.

இந்த இடத்தில்தான் என் வாதம் இருக்கிறது. ஜெர்மனி விமானப் படையைப் பெருக்குகிறது என்று அவர் சொன்னது உண்மை. அரசு அதிகாரிகள் சிலர் ரகசியமாகக் கொடுத்த விவரங்களை வைத்துப் பேசினார். ஜெர்மன் விமான பலத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக 1935 மே மாதம் பால்ட்வினே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர்கள் அதே குரலில், அதே ஆவேசத்தில், காந்தியால் பிரிட்டன் பாழாகிவிடும் என்பதையும் ஆண்டுக்கணக்கில் கேட்டிருந்தார்கள். புலி வருகிறது என்று எல்லாவற்றுக்கும் கூவியவர், நிஜப் புலி வந்தபோதும் கூவினார். 1936 டிசம்பரில், முடிதுறக்கும் நெருக்கடியில் இருந்த மன்னர் எட்டாம் எட்வர்டுக்காகப் பரிந்து பேச எழுந்தபோது, மக்களவையே கூச்சலிட்டு அவரை உட்காரவைத்தது. இந்தியாவின் மீது அவருக்கு அந்தப் பகை இல்லாமல் இருந்திருந்தால் ஹிட்லர் விஷயத்தில் அவர் பேச்சு எடுபட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அவர் பதவிக்கு வந்த கதையிலும் நமக்குத் தெரிந்த முகங்கள்தான். 1940 மே 7, 8 தேதிகளில், போரில் நார்வேயில் ஜெர்மனியிடம் பிரிட்டன் கண்ட தோல்வி குறித்து மக்களவையில் விவாதம். கடற்படை அமைச்சராகச் சர்ச்சிலுக்கே அந்தத் தோல்வியில் பெரும்பங்கு உண்டு. ஆனால் அடி விழுந்தது பிரதமர் சேம்பர்லின் மீது. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து லியோ அமெரி எழுந்து, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது கிராம்வெல் சொன்ன சொற்களைச் சேம்பர்லினை நோக்கி வீசினார்: ‘கடவுளின் பெயரால் சொல்கிறேன், போய்விடுங்கள்.’ அமெரி நம் கோரக்பூரில் பிறந்தவர். வாக்கெடுப்பில் அரசு 281க்கு 200 என்று வென்றது. இருநூறைத் தாண்டி இருக்க வேண்டிய வித்தியாசம் 81ஆகச் சுருங்கியது.

அடுத்து யார்? பலரும் விரும்பியது ஹாலிஃபாக்ஸ் பிரபுவை. அவர் வேறு யாருமில்லை, காந்தியோடு ஒப்பந்தம் செய்த அதே இர்வின்தான். எவரைத் தாக்கிப் பேசிச் சர்ச்சில் கட்சிக்குள் அந்நியமானாரோ, அவரே மே 9 அன்று, பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டு தன்னால் போரை நடத்த முடியாது என்று ஒதுங்கி வழிவிட்டார். மறுநாள் போர்ன்மவுத் மாநாட்டிலிருந்து தொழிற்கட்சி தன் முடிவைத் தொலைபேசியில் சொன்னது: சேம்பர்லினின் கீழ் சேர மாட்டோம், வேறொருவர் என்றால் சேர்வோம். அன்று மாலை சர்ச்சில் பிரதமர். வயது 65. மே 13 அன்று அவர் மக்களவைக்குள் நுழைந்தபோது கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களின் ஆரவாரம் சேம்பர்லினுக்குத்தான் கிடைத்தது.

அந்த மாதக் கடைசியில் அவர் செய்ததை நான் மனதாரப் போற்றுகிறேன். பிரான்ஸ் கடற்கரையில் டன்கர்க்கில் பிரிட்டிஷ் படை சிக்கிக் கிடக்கிறது, பிரான்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது. இத்தாலி வழியாகச் சமரச வாய்ப்பைப் பார்க்கலாம் என்கிறார் ஹாலிஃபாக்ஸ். மே 26 முதல் 28 வரை ஐந்து பேர் கொண்ட போர் அமைச்சரவை இதைப் பற்றி விவாதித்துக்கொண்டே இருந்தது. சர்ச்சில் மறுத்தார். அவருக்குத் தோள் கொடுத்தவர்கள் தொழிற்கட்சியின் அட்லியும் கிரீன்வுட்டும்; சேம்பர்லினும் கடைசியில் அந்தப் பக்கம் வந்தார். அட்லி யார் என்று நினைவிருக்கிறதா? சைமன் கமிஷனில் உறுப்பினராக இந்தியா வந்தவர். அன்று அந்த அறையில் சமரசம் வென்றிருந்தால் ஐரோப்பா முழுவதும் ஹிட்லரின் காலடியில் கிடந்திருக்கும். அந்த மறுப்பின் பெருமையைச் சர்ச்சிலிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஆனால் அவர் தனியாக நின்றார் என்று எழுதுவது அந்த இரு தொழிற்கட்சிக்காரர்களுக்கும் செய்யும் அநியாயம்.

நம் விஷயத்தில் அவர் துளியும் மாறவில்லை. எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்ற அட்லாண்டிக் சாசனத்தை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டோடு சேர்ந்து வெளியிட்ட அடுத்த மாதமே, 1941 செப்டம்பரில், அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று மக்களவையில் அறிவித்தார். 1943இல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மடிந்தார்கள். பர்மா வீழ்ந்தது, புயல் அடித்தது, படகுகளையும் நெல்லையும் அரசே அப்புறப்படுத்தியது, விலை ஏறியது என்று காரணங்கள் பல. ஆனால் கப்பலில் தானியம் அனுப்புங்கள் என்று டெல்லி கெஞ்சியபோது லண்டன் போர் அமைச்சரவை கேட்டதில் ஒரு சிறு பகுதியைத்தான் ஒதுக்கியது. அந்த மேசையில் இந்தியாவுக்காக வாதாடியவர் இந்தியா மந்திரி அமெரி. ஆம், 1940இல் சேம்பர்லினைப் போகச் சொல்லிச் சர்ச்சிலுக்கு வழி திறந்த அதே அமெரி. இந்தியா விஷயத்தில் உங்கள் பார்வைக்கும் ஹிட்லரின் பார்வைக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை என்று 1944 ஆகஸ்டில் சர்ச்சிலின் முகத்துக்கு நேரே சொன்னதை அமெரி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.