சைக்கிள் பயணியின் மூச்சு காற்றைக் கெடுக்கிறதா?

"சைக்கிளில் ஊர் சுற்றுபவர் மூச்சு வாங்க மிதிக்கிறார், காரில் போகிறவரைவிட அவர்தான் அதிகக் கரியமில வாயுவை வெளியிடுகிறார்" என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. இது தவறு.

பழைய வாதம்தான். 2013-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எட் ஓர்கட், சைக்கிள் மிதிப்பவரின் மூச்சும் மாசுதான் என்று மின்னஞ்சலில் எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

நாம் வெளிவிடும் கார்பன், உண்ட உணவிலிருந்து வருகிறது. அந்த உணவுக்கு மூலமான பயிர், அதே கார்பனைச் சற்று முன்புதான் காற்றிலிருந்து எடுத்திருக்கும். எடுத்தது திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். பெட்ரோலின் கதை வேறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்த கார்பன் அது. ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு காற்றில் கூடுதலாகச் சேர்கிறது.

உணவை விளைவிக்கவும் எரிபொருள் செலவாகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் சைக்கிள் தயாரிப்பையும் சேர்த்தே ஐரோப்பிய சைக்கிள் ஓட்டுநர் கூட்டமைப்பு 2011-ல் கணக்கிட்டது: கிலோமீட்டருக்கு சைக்கிளுக்கு 21 கிராம், காரில் ஒரு பயணிக்கு 271 கிராம். சைக்கிளுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பின் கணக்கு இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் இடைவெளி மிகப் பெரியது.

சைக்கிள் சுற்றுலாவில் மெய்யாகவே கவலைப்பட வேண்டியது, தொடக்க இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறோம் என்பதுதான். சைக்கிளை விமானத்தில் ஏற்றிக் கண்டம் தாண்டினால், வாரக்கணக்கில் மிதித்து மிச்சப்படுத்தியதை அந்த ஒரு பயணமே விழுங்கிவிடும். சைக்கிளுக்கு இடம் தரும் ரயில்கள் ஓடும் தடங்களில் இந்தச் சுமை பெருமளவு குறைகிறது.